முதல் படம் இருக்கட்டும், மூன்றாவது படத்துக்கு என்ன வழி?

நீங்கள் கேட்டிருப்பது இது. நான்கு குறும்படங்கள் எடுத்திருக்கிறீர்கள். லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் ஏழு பேரைப் பற்றி ஒரு முழுநீள நகைச்சுவைக் கதை எழுதி வைத்திருக்கிறீர்கள். ஓராண்டுச் சம்பளத்துக்குச் சமமான சேமிப்பு கையில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பக்கமே போகாமல், குறைந்த செலவில் நகைச்சுவைப் படங்களை மட்டும் எடுத்து ஒரு இயக்குநர் காலத்தை ஓட்ட முடியுமா, அதற்காக இப்போது பார்க்கும் வேலையை விடலாமா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் பதில்கள் பெரும்பாலும் எந்தக் கேமரா வாங்கலாம், எந்தத் திரைப்பட விழாவுக்கு அனுப்பலாம் என்று முதல் படத்தைப் பற்றியே பேசுகின்றன. உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். முதல் படத்தை எப்படியும் எடுத்துவிடுவீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு எதை வைத்துச் சாப்பிடுவது, அடுத்ததை யார் காசில் எடுப்பது என்பதுதான் உங்களை உறுத்துகிறது.

நான் படத்தொகுப்பாளர். பத்தொன்பது ஆண்டுகளாக எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் சின்னப் பட்ஜெட் நகைச்சுவைப் படங்கள்தான். இயக்குநர்களை அவர்கள் மிகவும் பயந்துபோயிருக்கும் நாட்களில் பார்க்கிற வேலை இது. காசு தீர்ந்திருக்கும், ரஃப் கட்டில், அதாவது முதல் கட்டத் தொகுப்பில், யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஆக, கீழே நான் சொல்வதில் படம் உருவாகும் விதம் பற்றியவற்றை உறுதியாகவே சொல்கிறேன். விற்பனை, ஒப்பந்தம் பற்றிச் சொல்வது பக்கத்திலிருந்து பார்த்தவனின் பேச்சு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் அமெரிக்க இயக்குநர் கெவின் ஸ்மித்தின் முதல் படமான 'க்ளர்க்ஸ்' பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தான் வேலை பார்த்த கடையிலேயே, கடை மூடிய பிறகு இரவு நேரங்களில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார். செலவு 27,575 டாலர். கடன் அட்டைகளைத் தேய்த்தும், சேர்த்து வைத்திருந்த காமிக்ஸ் புத்தகங்களை விற்றும் புரட்டிய பணம். 1994இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள், மிராமேக்ஸ் என்ற விநியோக நிறுவனம் வாங்கியது, அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 30 லட்சம் டாலர் வசூல். கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். உங்களுக்குத் தேவையானது இதற்கு அடுத்த பாகம். 1995இல் வந்த அவருடைய இரண்டாவது படம் 'மால்ரேட்ஸ்' ஒரு ஸ்டுடியோ படம். பட்ஜெட் சுமார் 60 லட்சம் டாலர், திரையரங்கில் வந்தது 21 லட்சம்தான். முதல் படத்தைப் போல இருநூறு மடங்குக்கும் மேல் செலவு. பிறகு என்ன செய்தார்? மூன்றாவது படமான 'சேஸிங் ஏமி'க்கு (1997) செலவை இரண்டரை லட்சம் டாலராகக் கீழே இறக்கினார். அது 1 கோடியே 20 லட்சம் வரை வசூலித்தது.

முதல் படத்தை விட நான் மதிப்பது அந்த இறக்கத்தைத்தான். என்னோடு வேலை செய்த இயக்குநர்களில் மூன்றாவது படம் வரை போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேரிடமும் இந்த ஒரு குணத்தைப் பார்த்தேன். ஒரு படம் சரியாகப் போகவில்லை என்றால், அடுத்ததை அதைவிடக் குறைந்த செலவில் எடுக்கக் கூச்சப்படவே மாட்டார்கள். காணாமல் போனவர்களில் பலர் முதல் படத்தை விடப் பெரிய இரண்டாவது படத்துக்காகக் காத்திருந்து காத்திருந்தே ஓய்ந்தவர்கள். அவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஐந்து ஆண்டு படம் எடுக்காவிட்டால் கையும் மறந்துபோகும், கூட வேலை செய்த குழுவும் கலைந்துபோகும்.

இந்த மாதிரிக் கதைகளைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 27,575 டாலர் என்பது படம் எடுத்து முடிக்க ஆன செலவு. வாங்கிய நிறுவனம் ஒலியைச் சீர்செய்யவும் பாடல்களின் உரிமைக்கும் அதற்கு மேல் பல மடங்கு செலவழித்தது. 7,000 டாலரில் எடுத்ததாகப் புகழ்பெற்ற ராபர்ட் ரோட்ரிகஸின் 'எல் மரியாச்சி' (1992) விஷயமும் அப்படித்தான். திரையரங்குக்கு வந்த பிரதியை உருவாக்க ஸ்டுடியோ கொட்டிய பணம் அந்த 7,000இல் அடங்காது. ஆகவே யாராவது ஒரு பட்ஜெட் தொகையைச் சொன்னால் 'எது வரைக்கும்?' என்று கேளுங்கள். படப்பிடிப்பு முடியும் வரைக்குமா, திரையில் ஓடும் வரைக்குமா? என் அனுபவத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சின்னப் படங்கள் செத்துப்போகின்றன. படப்பிடிப்பு முடிந்து, ஒலிக்கலவைக்குக் காசில்லாமல் ஹார்ட் டிஸ்கிலேயே தூங்கும் படங்கள் எனக்குத் தெரிந்தே மூன்று இருக்கின்றன. அதில் ஒன்று, சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல படம்.

நகைச்சுவைக்கென்று தனியாகச் சில பாரங்கள் உண்டு. திகில் படத்துக்கு முகம் தெரிந்த நடிகர் வேண்டியதில்லை. ஒரு போஸ்டரும் ஒரு பயமும் இருந்தால் மொழி தெரியாத ஊரிலும் வாங்க ஆள் வரும். நகைச்சுவையை வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே யார் நடிக்கிறார்கள் என்பதுதான். பேச்சில் பிறக்கும் சிரிப்பு சப்டைட்டிலில் பாதி கரைந்துவிடும். விழாத் தேர்வாளர்கள் பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து, மடிக்கணினியில், அன்றைக்கு ஏழாவது படமாக உங்கள் படத்தைப் பார்ப்பார்கள். அழுகைக்கு அது தடையில்லை. சிரிப்பு கூட்டத்தில் பற்றிக்கொள்கிற சங்கதி, தனி ஆளிடம் அது எடுபடாது. இதற்கு என்னிடம் கணக்கு எதுவும் இல்லை, நிராகரிக்கப்பட்ட ஒரு படத்தை அதே விழா நடந்த ஊரில் ஒரு சின்ன அரங்கில் போட்டபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்தவனின் எரிச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனுகூலமும் உண்டு. நகைச்சுவையில் பார்வையாளர் ஏழ்மையை மன்னித்துவிடுவார். காதல் காட்சியில் வெளிச்சம் மோசமாக இருந்தால் உறுத்தும், சிரித்துக்கொண்டிருப்பவர் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய அனுகூலம், இல்லாமையையே வேடிக்கையாக்கிவிடலாம். 1975இல் வந்த, மான்டி பைத்தன் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் 'ஹோலி கிரெயில்' படத்தில் அரசரும் வீரர்களும் குதிரையே இல்லாமல் துள்ளித் துள்ளி வருவார்கள், பின்னால் ஆள் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக் குளம்போசை எழுப்புவார். நிஜக் குதிரைகள் வந்திருந்தால் அந்தக் காட்சியை இன்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஜிம் ஜார்முஷின் 'ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்' (1984) வேறு மாதிரி. அதன் முதல் பகுதியை, ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் தன் படத்தில் மிஞ்சியதென்று கொடுத்த ஃபிலிம் சுருளில்தான் எடுத்தார். ஒவ்வொரு காட்சியும் ஒரே ஷாட், ஷாட் முடிந்ததும் சில நொடி வெறும் கறுப்புத் திரை. சிக்கனம்தான், ஆனால் அந்தக் கறுப்புத் திரையில்தான் சிரிப்பு வந்து விழுகிறது. முகபாவம் இல்லாத மூன்று பேரை அவ்வளவு நேரம் பார்த்த பிறகு, அந்த இருட்டு ஒரு பெருமூச்சு மாதிரி இருக்கும். அந்த ஆண்டு கான் விழாவில் சிறந்த முதல் படங்களுக்கான தங்கக் கேமரா விருது அதற்குக் கிடைத்தது. 'க்ளர்க்ஸ்' படத்திலும் இந்தத் தந்திரம் உண்டு. கடையின் ஷட்டர் பூட்டில் யாரோ சூயிங்கம்மைத் திணித்துவிட்டதால் திறக்க முடியவில்லை என்று ஒரு வசனம் வரும். இரவில் எடுத்ததைப் பகல் என்று நம்பவைக்கத்தான் அந்த ஷட்டர் படம் முழுக்க மூடியே கிடக்கிறது.

பணம் இல்லாதவர் கையில் இருக்க வேண்டியது நேரம். இதை நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். மைக் செஸ்லிக் இயக்கிய 'ஹன்ட்ரட்ஸ் ஆஃப் பீவர்ஸ்' (2022) என்று ஒரு படம். கறுப்பு வெள்ளை, ஏறக்குறைய வசனமே கிடையாது, பீவர் என்ற நீர்விலங்கின் வேடம் போட்ட மனிதர்கள் பனியில் உருண்டு புரள்கிறார்கள். பட்ஜெட் 1.5 லட்சம் டாலர். அதில் 1,500க்கும் மேற்பட்ட கிராஃபிக்ஸ் ஷாட்கள் இருக்கின்றன, பெரும்பகுதியை இயக்குநரே வீட்டுக் கணினியில் உட்கார்ந்து செய்தார். ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தால் மொத்தப் பட்ஜெட்டையும் அதுவே விழுங்கியிருக்கும். படம் முடிந்த பிறகு விநியோகத்தையும் பெரும்பாலும் தாங்களே கையில் வைத்துக்கொண்டு, பீவர் உடைகளையும் தூக்கிக்கொண்டு அரங்கு அரங்காகப் போய்த் திரையிட்டார்கள். ஜப்பானில் ஷினிச்சிரோ உவேடா எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) இன்னொரு விதம். செலவு சுமார் 30 லட்சம் யென், நடித்தவர்கள் ஒரு பயிற்சிப் பட்டறையில் சேர்ந்த பெயர் தெரியாத நடிகர்கள், படப்பிடிப்பு எட்டு நாள். எட்டே நாளில் முடித்துவிட்டார்கள் என்று வியப்பவர்கள் அதற்கு முன் நடந்த ஒத்திகையை மறந்துவிடுகிறார்கள். 37 நிமிடம் வெட்டாமல் ஓடும் ஷாட்டோடு ஒரு படத்தைத் தொடங்குவதென்றால் சும்மாவா? முதலில் ஓரிரு அரங்குகளில் மட்டும் ஓடி, வாய்வழியாகப் பரவி, கடைசியில் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. போட்ட காசுக்கு ஆயிரம் மடங்கு. இதை நம்பி யாரும் வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாது. இப்படி ஒன்று நடந்தது என்பது உண்மை, உங்களுக்கும் நடக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஒத்திகைக்கு வாடகை இல்லை, அவ்வளவு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி என் அறைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை அதிகம். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு பதில் வசனத்தை மூன்று ஃபிரேம் தள்ளி வைத்ததில் செத்துக் கிடந்த ஜோக் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன், இரண்டு ஃபிரேம் கூடிப்போய்ச் செத்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று ஃபிரேமைத் தேட எனக்கு ஃபுட்டேஜ் வேண்டும். குறைந்த பட்ஜெட் இயக்குநர்கள் நேரம் போதாமல் முதலில் விடுவது, பேசாதவர்களின் முகங்களை. ஜோக் சொல்கிறவரின் க்ளோஸப்பை எட்டு டேக் எடுத்துக்கொண்டு வருவார்கள், கேட்கிறவரின் முகம் ஒன்றுகூட இருக்காது. பல நேரங்களில் சிரிப்பு இருப்பது கேட்கிறவர் முகத்தில். அடுத்து, உடம்பால் செய்கிற வேடிக்கைக்கு வைட் ஷாட்டை விடாதீர்கள். ஒருவர் வழுக்கி விழுவதை நான்கு துண்டாக எடுத்தால் அது விபத்து. தலை முதல் கால் வரை ஒரே சட்டத்தில் தெரிந்தால்தான் சிரிப்பார்கள். ஒலி பற்றி ஒரே வரி: படம் மங்கலாக இருந்தால் பாணி என்று சமாளிக்கலாம், வசனம் கேட்காவிட்டால் ஜோக்கே கிடையாது.

நடிகர்களை அங்கேயே சொந்தமாகப் பேசவிட்டு எடுப்பது செலவில்லாத வழி என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 'வாட் வி டூ இன் தி ஷேடோஸ்' (2014) படத்தை டைக்கா வைடிட்டியும் ஜெமைன் கிளமென்ட்டும் அப்படி எடுத்து, சுமார் 125 மணி நேர ஃபுட்டேஜோடு எடிட்டிங்குக்கு வந்தார்கள். அதிலிருந்து ஒன்றரை மணி நேரப் படத்தைப் பிரித்தெடுக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. சொந்தமாகப் பேசவிட்டதற்கான விலையை எடிட்டிங்கில் வட்டியோடு கட்டினார்கள் என்றுதான் நான் அதைப் பார்ப்பேன். அவர்களிடம் அதற்கு வசதி இருந்தது, கூடவே 2005இலேயே அதே கருவில் ஒரு குறும்படம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். எழுதிய வசனத்தை இரண்டு டேக், பிறகு நடிகர் விருப்பத்துக்கு ஒரு டேக். உங்கள் நிலைமைக்கு இந்த அளவு போதும்.

சோதனைத் திரையிடலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் 'எ நைட் அட் தி ஆபரா' (1935) எடுப்பதற்கு முன்பே அதன் நகைச்சுவைக் காட்சிகளை மேடை மேடையாகப் போய் நடித்துக் காட்டினார்கள். எங்கே சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று பார்த்து, அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்காதபடி இடைவெளி விட்டுப் படமாக்கினார்கள். என் வழி எளிது. ரஃப் கட்டை இருபது பேருக்குப் போட்டு, அரங்கின் முன்னால் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிடுவேன். படம் முடிந்ததும் அவர்களிடம் கருத்துக்கூடக் கேட்பதில்லை, கேட்டால் எல்லோரும் விமர்சகர் ஆகிவிடுவார்கள். மறுநாள் அந்தச் சிரிப்பு ஒலியை எடிட்டிங் டைம்லைனில் படத்துக்குக் கீழே போட்டு, இயக்குநரைப் பக்கத்தில் உட்காரவைப்பேன். தான் உயிராய் நினைத்த காட்சியில் நாற்காலி கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு இயக்குநர் எழுந்து வெளியே போய் அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "வெட்டிடுங்க" என்றார். அவர் நான்காவது படம் வரை வந்துவிட்டார். 'க்ளர்க்ஸ்' படத்துக்கு முதலில் வைத்திருந்த முடிவில் நாயகனைத் திருடன் சுட்டுக் கொன்றுவிடுவான். பார்த்த ஒன்றிரண்டு பேர் சொன்னதால் அதை நீக்கினார்கள். வேறு முடிவு எதையும் புதிதாக எடுக்கவில்லை, கொஞ்சம் முன்னாலேயே படத்தை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பைசா செலவில்லாத திருத்தம்.

உரிமை விவகாரத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரோடு சேர்ந்து நானே இணை இயக்குநராக ஒரு சின்ன நகைச்சுவைப் படம் எடுத்தேன். அதில் ஒரு காட்சியில் நடிகர் பழைய பாட்டு ஒன்றை முழுசாக, தப்புத் தப்பாகப் பாடுவார். படத்திலேயே அதிகம் சிரித்த இடம் அது. உரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். பிறகு பார்த்தபோது உரிமையாளர் கேட்ட தொகை எங்கள் படத்தின் செலவில் பாதி. அந்தக் காட்சி போனது, அதை நம்பி வைத்திருந்த அடுத்த இரண்டு ஜோக்குகளும் போயின, 84 நிமிடப் படம் 79 நிமிடமானது. குறைந்தபட்சம் 80 நிமிடம் இல்லை என்று சொல்லி, வாங்குவதாக இருந்த ஒருவரும் கழன்றுகொண்டார். இதில் யார் மேலும் குறையில்லை, முழுக்க முழுக்க எங்கள் சோம்பல். ஒரு பாட்டை ஒலிப்பதிவிலிருந்து அப்படியே போட்டால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை, மெட்டுக்கும் வரிகளுக்கும் தனி உரிமை. நடிகர் தன் வாயால் பாடினாலும் இரண்டாவது உரிமை தேவைப்படும். உங்கள் கதையில் லிஃப்டில் ஒலிக்கும் இசை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒரு நண்பரிடம் புதிதாகப் போட்டு வாங்கி, எழுத்தில் உரிமையையும் வாங்கிக்கொள்ளுங்கள். நடிகர்கள், எழுத்தில் உதவியவர்கள், ஒருநாள் வந்து கேமரா பிடித்தவர் என எல்லோரிடமும் முதல் நாளே ஒரு பக்கக் கையெழுத்து வேண்டும். வெற்றி பெற்ற பிறகு கேட்டால் விலை வேறு. ரோஜர் கோர்மன் 1960இல் இரண்டு பகல் ஒரு இரவில் பெரும்பகுதியைப் படமாக்கிய 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்துக்கு, இதற்கு இனி என்ன மதிப்பு இருக்கப்போகிறது என்று காப்புரிமையைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். பிறகு அது மேடை நாடகமாகவும், 1986இல் பெரிய படமாகவும் மறுபிறவி எடுத்தது. மூலப் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்றார்கள்.

அப்புறம், வயிற்றுப்பாடு. குறைந்த செலவு நகைச்சுவைப் படங்கள் தரும் வருமானத்தில் மட்டுமே பல ஆண்டு வாழ்ந்தவர் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. எங்கோ இருக்கக்கூடும். எனக்குத் தெரிந்தவர்கள் விளம்பரப் படம் எடுக்கிறார்கள், மற்றவர்களின் திரைக்கதைக்கு வசனம் எழுதுகிறார்கள், தொடர்களில் ஓரிரு அத்தியாயம் இயக்குகிறார்கள், வகுப்பெடுக்கிறார்கள். படம் அவர்களுக்கு வருமானத்தைவிட விலாசத்தைத்தான் தருகிறது, அந்த விலாசத்தைத் தேடி மற்ற வேலைகள் வருகின்றன. கெவின் ஸ்மித்தே பின்னாளில் மேடைப் பேச்சு, பாட்காஸ்ட் என்று தன் ரசிகர்களை நேரடியாகத் தேடிப் போய், 2011இல் 'ரெட் ஸ்டேட்' படத்தை ஊர் ஊராகத் தானே கொண்டுபோய்த் திரையிட்டார். அமெரிக்க இயக்குநர்களான டியூப்ளாஸ் சகோதரர்களின் பாதையையும் பாருங்கள். ஒரு முழுநீளப் படத்தைக் காசு போட்டு எடுத்து, தேறாது என்று கைவிட்டார்கள். பிறகு, தொலைபேசிப் பதில் கருவியில் தன் குரலைச் சரியாகப் பதிய முடியாமல் திணறும் ஒருவனைப் பற்றி 3 டாலர் செலவில் ஒரு குறும்படம் எடுத்தார்கள். அது 2003இல் சன்டான்ஸுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் பெற்றோர் கொடுத்த 15,000 டாலரில் 'தி பஃபி சேர்' (2005). பெற்றோரிடம் அவ்வளவு பணம் இருந்தது என்பதும் அந்தக் கதையில் ஒரு பங்கு, அதை மறைக்க வேண்டாம்.

படம் விற்ற பிறகு பங்கு தருகிறேன் என்று நடிகர்களுக்குச் சொல்வதையும், விநியோகஸ்தர் அதையே உங்களிடம் சொல்வதையும் ஒரே கண்ணால் பாருங்கள். எங்கள் படத்தை வாங்கிய விநியோகஸ்தர் இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கணக்கு அனுப்பினார். ஒவ்வொரு கணக்கிலும் வரவைவிட விளம்பரச் செலவு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஏமாற்றினார் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. செலவுக்கு உச்சவரம்பு போடாமல் கையெழுத்துப் போட்டது நாங்கள். முன்பணம் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு உரிமை, செலவுக் கழிவுக்கு எல்லை எது என்ற மூன்றையும் கேட்காமல் எதிலும் போடாதீர்கள்.

ஆகவே வேலையை விடலாமா என்றால், விடாதீர்கள் என்பேன். படப்பிடிப்புக்கு மூன்று வாரம் விடுப்பு கிடைத்தால் போதும். எடிட்டிங்கை மாலை நேரங்களில், எட்டு மாதம் இழுத்துச் செய்யலாம், நகைச்சுவைக்கு அந்த இடைவெளி நல்லதும்கூட. சேமிப்பில் பாதிக்கு மேல் இந்தப் படத்துக்குத் தொடாதீர்கள். அந்தப் பாதியிலும் மூன்றில் ஒரு பங்கைப் படப்பிடிப்பு முடிந்த பிறகு வரும் செலவுக்கென்று இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். இந்த விகிதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் கைக்கணக்கு. மீதிப் பாதி அடுத்த படத்துக்கு. வேறு சூழ்நிலை உள்ளவர், குடும்பச் சொத்து இருப்பவர், வேறு விதமாக முடிவெடுக்கலாம்.

கடைசியாக உங்கள் கதை. லிஃப்ட் என்பது நல்ல தேர்வு, ஆனால் நிஜ லிஃப்டில் எடுக்காதீர்கள். கேமராவுக்குப் பின்வாங்க இடமில்லை, மின்விசிறி இரைச்சல் வசனத்தைத் தின்னும், கட்டட நிர்வாகம் இரண்டாம் நாளே துரத்தும். கழற்றி மாட்டக்கூடிய நான்கு சுவர்களை ஒரு காலி மண்டபத்தில் நிறுத்திவிட்டால், எந்தச் சுவரைக் கழற்றுகிறீர்களோ அங்கே கேமரா. ஒரே இடம் என்பதால் கதை வரிசைப்படியே எடுக்கலாம், வியர்வையும் தளரும் சட்டைக் காலரும் தானாகவே சரியான வரிசையில் வரும். ஏழு பேரில் பேசாத ஆறு பேரின் முகங்களை எடுக்கத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தீயணைப்பு வண்டிகளும் தெருக் கூட்டமும் வரும் கடைசிக் காட்சியை நீக்கிவிடுங்கள், காசுக்காக மட்டும் சொல்லவில்லை. நாமும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தால்தான் வெளியே என்ன நடக்கிறதோ என்ற தவிப்பில் சிரிப்பு வரும். வெளியுலகம் முழுவதும் லிஃப்டுக்குள் கேட்கும் இன்டர்காம் குரல் வழியாகவே வரட்டும். முகம் தெரியாத குரல் என்பதால் வாயசைவுப் பிரச்சினை கிடையாது. சோதனைத் திரையிடலில் விழாத ஜோக்கை எடுத்துவிட்டு, வேறு வசனம் எழுதி, ஒரு அறையில் ஒலிப்பதிவு செய்து, அதே இடத்தில் வைத்துவிடலாம், படத்தொகுப்பை முடித்துப் பூட்டும் கடைசி வாரம் வரைக்கும். அந்தக் குரலுக்கு மட்டும், படப்பிடிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வந்து பேசுகிற ஆளாகப் பார்த்துப் பிடித்து வையுங்கள்.